பற்றவைப்பில் நகர்வு வேகமும் வெப்ப உள்ளீடும்: சேலம் – நாமக்கல் வட்டாரப் பட்டறை வழக்கை முன்வைத்து ஒரு கலைச்சொல் விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

மின்வில் பற்றவைப்பின் தரத்தை அறுதியிடும் அளவுகளுள் வெப்ப உள்ளீடு முதன்மையானது. அது மின்னழுத்தம், மின்னோட்டம், நகர்வு வேகம் ஆகிய மூன்றும் சேர்ந்து தரும் அளவாகும். சேலம், நாமக்கல் மாவட்டப் பட்டறைகளில் இவ்வளவைக் குறிக்கச் 'சூடு' என்னும் ஒரே சொல் வழங்குகிறது. அச்சொல் மின்னோட்டத்தையும் வெப்பநிலையையும் வெப்ப உள்ளீட்டையும் ஒருங்கே சுட்டுவதால், 'சூட்டைக் குறை' என்னும் அறிவுரை தவறான செயலுக்கு இட்டுச்செல்லக்கூடும். இக்கட்டுரை நகர்வு வேகத்தை அளக்கும் முறையையும் வெப்ப உள்ளீட்டைக் கணக்கிடும் முறையையும் தமிழில் விளக்குகிறது. அவற்றுக்குரிய கலைச்சொற்களின் பொருளெல்லையை வரையறுக்கிறது. 'ஒரு ராடுக்கு இவ்வளவு நீளம்' என்னும் பட்டறைக் கணக்கு வெப்ப உள்ளீட்டுக்குரிய நேரிய அளவுகோலாக அமைதலை நிறுவுகிறது.

திறவுச்சொற்கள்: பற்றவைப்பு, பற்றாசு, நகர்வு வேகம், வெப்ப உள்ளீடு, வில் ஆற்றல், கலைச்சொல்லாக்கம், தொழில் வழக்கு.

முன்னுரை

தமிழில் அறிவியல் கலைச்சொல்லாக்கம் பெரிதும் பள்ளி, கல்லூரிப் பாடநூல்களை ஒட்டியே வளர்ந்துள்ளது. இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் சொற்றொகுதிகள் உருவாகி, பல தலைமுறை மாணவர்கள் பயின்றதனால் அவை நிலைபெற்றுவிட்டன. தொழிற்பட்டறையில் வழங்கும் அறிவுக்கு அத்தகைய நிலைபேறு இன்னும் வாய்க்கவில்லை. சென்னையிலுள்ள தேசியப் பயிற்றுக்கருவி ஊடக நிறுவனம் தொழிற்பயிற்சி நிலையங்களுக்கான பாடநூல்களைத் தமிழிலும் வெளியிட்டு வருகிறது. ஆயினும் வகுப்பறையில் படிக்கும் சொல் ஒன்றாகவும் பட்டறையில் கேட்கும் சொல் வேறொன்றாகவும் இருப்பதைக் காணமுடிகிறது.

இவ்விரு சொல்வழக்குகளுக்கும் இடையிலான வேறுபாடு வெறும் பெயர் வேறுபாடாக இருப்பின் அதனால் கேடில்லை. 'மின்முனைக் கம்பி' என்றாலும் 'ராடு' என்றாலும் சுட்டப்படும் பொருள் ஒன்றே. ஆனால் ஒரு சொல் இரண்டு மூன்று அளவுகளைக் கலந்து சுட்டும்போது, கருத்து மயக்கம் செயல் மயக்கமாக மாறுகிறது. பற்றவைப்புத் துறையில் 'சூடு' என்பது அத்தகைய சொல். அதன் பொருளைப் பிரித்தறிய, வெப்ப உள்ளீடு என்னும் அளவு எவ்வாறு கணக்கிடப்படுகிறது என்பதை முதலில் தெளிய வேண்டும். ஆகவே கணக்கீட்டு விளக்கமும் சொல்லாய்வும் இக்கட்டுரையில் இணைந்தே செல்கின்றன.

வட்டாரப் பின்புலம்

சேலம் வட்டாரத்திற்கும் இரும்புக்கும் உள்ள தொடர்பு நெடியது. கஞ்சமலையின் இரும்புத்தாது வளம் பன்னெடுங்காலமாக அறியப்பட்டது. கிழக்கிந்தியக் கம்பெனிப் பணியிலிருந்த ஜோசையா மார்ஷல் ஹீத், 1830களில் பரங்கிப்பேட்டையில் அமைத்த இரும்பாலைக்குச் சேலம் பகுதித் தாதுவே பயன்பட்டது. அக்கஞ்சமலையை அடுத்து அமைந்த சேலம் உருக்காலைக்கு 1970இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1980களின் தொடக்கத்தில் அது துருவேறா எஃகுத் தகடுகளைக் குளிர்நிலையில் உருட்டும் பணியைத் தொடங்கியது. தமிழ் இல்லங்களில் 'எவர்சில்வர்' என வழங்கும் உலோகமே இத்துருவேறா எஃகு.

1997இல் சேலம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட நாமக்கல் மாவட்டம், சரக்குந்துத் தொழிலால் அறியப்படுவது. நாமக்கல்லில் லாரிக்கு உடற்கட்டுதல், அதாவது 'பாடி கட்டுதல்', ஒரு பெருந்தொழில். திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்குப் பெயர்பெற்றது. சமையல் எரிவாயுவைச் சுமந்து தென்மாநிலங்களெங்கும் செல்லும் டேங்கர் லாரிகளுள் பல நாமக்கல்லைச் சார்ந்தவை.

இம்மூன்று தொழில்களிலும் பற்றவைப்பே உயிர்நாடி எனலாம். எனினும் மூன்றும் ஒரே ஒழுங்கிற்கு உட்பட்டவை அல்ல. எரிவாயுக் கலன் அழுத்தக் கலன் ஆகையால், அதன் பற்றவைப்பு எழுத்தில் வரையறுத்த செயல்முறைப்படி நடைபெற வேண்டும். நிலையான மற்றும் நகரும் அழுத்தக் கலன்கள் விதிகள் 2016 அதனைக் கட்டுப்படுத்துகின்றன. லாரியின் பக்கப் பலகைச் சட்டத்தையோ ரிக் வண்டியின் தாங்கியையோ பழுதுபார்க்கும் சிறு பட்டறையில் அத்தகைய எழுத்தாவணம் பெரும்பாலும் இராது. அங்கே அறிவு வாய்மொழியாகவே கைமாறுகிறது. வாய்மொழியில் கைமாறும் அறிவின் துல்லியம், அதைச் சுமக்கும் சொல்லின் துல்லியத்தைப் பொறுத்தது. சொல்லாய்வுக்கு இவ்வட்டாரம் உரிய களமாவது இதனாலேயே.

பற்றாசும் பற்றவைப்பும்

உலோகங்களை இணைக்கும் தொழில் தமிழுக்குப் புதிதன்று. பொற்கொல்லரும் கன்னாரும் இரு துண்டுகளை இணைக்க இடையில் இடும் எளிதில் உருகும் உலோகப்பொடி 'பற்றாசு' எனப்பட்டது. 'பொடிவைத்து ஊதுதல்' என்னும் தொடரும் அத்தொழிலிலிருந்து வந்ததே. யாப்பிலக்கணத்திலும் இச்சொல்லின் தடம் உண்டு. முதற்குறட்பாவின் இறுதிக்கும் தனிச்சொல்லுக்கும் இடையில் அசை சேர்த்து இணைக்கும் வெண்பா 'ஆசிடை நேரிசை வெண்பா' எனப்பெறும். அங்குள்ள 'ஆசு' என்பதை, உலோகத்தை இணைக்கும் பற்றாசோடு ஒப்பிட்டு விளக்குதல் உரைமரபு.

பற்றாசு முறையில் இடையிட்ட பொடி மட்டுமே உருகும். இணைக்கப்படும் துண்டுகள் உருகுவதில்லை. மின்வில் பற்றவைப்பிலோ துண்டுகளின் விளிம்புகளும் உருகி, ராடிலிருந்து உருகிவரும் உலோகத்தோடு கலந்து ஒன்றாக உறைகின்றன. உருகிய பகுதியை ஒட்டி, உருகாமலே கடுஞ்சூடேறி உள்ளமைப்பு மாறும் ஒரு பட்டையும் உருவாகிறது. அது 'வெப்பம் தாக்கிய பகுதி' எனப்படும். பற்றவைப்பில் விரிசல் தோன்றும் இடங்களுள் இது முதன்மையானது. எனவே பற்றாசு வைப்பவர் 'பொடி உருகியதா' என்று பார்த்தால் போதும். பற்றவைப்பவர் 'எவ்வளவு வெப்பம் உள்ளே சென்றது' என்றும் அறிந்தாக வேண்டும்.

'பற்றவைத்தல்' என்னும் சொல் நெருப்பு மூட்டுதலையும் குறிக்கும். அடுப்பைப் பற்றவைப்பதும் இரும்பைப் பற்றவைப்பதும் இடம் நோக்கி எளிதில் வேறுபடுவதால், இதில் மயக்கம் நேர்வதில்லை. மயக்கம் தோன்றுவது 'சூடு' என்னும் சொல்லிலேயே.

சூடு, வெப்பநிலை, வெப்ப உள்ளீடு

'சுடு' என்னும் முதனிலை நீண்டு 'சூடு' என்றாவது முதனிலை திரிந்த தொழிற்பெயர். இச்சொல் சுடுகின்ற தன்மை, சுடும் செயல், சுட்டதனால் விளைந்த தழும்பு ஆகிய எல்லாவற்றையும் தழுவி நிற்பது. பொதுவழக்கில் இவ்விரிவு மொழியின் வளம். அளவிட வேண்டிய இடத்தில் அதுவே இடர்ப்பாடாகிறது.

பட்டறையில் 'சூடு அதிகம்' என்னும் தொடர் மூன்று வேறு நிலைகளைச் சுட்டலாம். ஒன்று, எந்திரத்தில் மின்னோட்டம் கூடுதலாக வைக்கப்பட்டுள்ளது. இரண்டு, வேலைத்துண்டின் வெப்பநிலை உயர்ந்துள்ளது. மூன்று, தையலின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் தேவைக்கு மேற்பட்ட வெப்பம் செலுத்தப்பட்டுள்ளது. முதலாவதை ஆம்பியரிலும் இரண்டாவதைச் செல்சியஸ் பாகையிலும் மூன்றாவதை ஒரு மில்லிமீட்டருக்கு இத்தனை கிலோஜூல் என்றும் அளக்க வேண்டும். அலகுகள் மூன்றும் வேறாதலின் பொருள்களும் மூன்றே.

மூன்றாவதற்குரிய கலைச்சொல் 'வெப்ப உள்ளீடு'. 'இடு' என்பது 'ஈடு' எனத் திரிந்து 'உள்' என்பதோடு சேர்ந்த இச்சொல், உள்ளே இடப்பட்ட அளவைக் குறிக்கிறது. 'சூடு' பொருளின் நிலையைச் சொல்ல, 'உள்ளீடு' செலுத்தியவரின் செயலைச் சொல்கிறது. எவ்வளவு நீளத்தில், எவ்வளவு நேரத்தில் இடப்பட்டது என்னும் வினாவை அது தன்னுள்ளே கொண்டுள்ளது. அவ்வினாவுக்கு விடை தருவதே நகர்வு வேகம்.

நகர்வு வேகத்தை அளத்தல்

மின்வில் இணைப்பின் வழியே முன்னோக்கிச் செல்லும் வேகம் நகர்வு வேகம். 'டிராவல் ஸ்பீடு' என்னும் வழக்குக்கு 'நகர்வேகம்' என்று வினைத்தொகையாகவும் சொல்லலாம். ஆனால் 'நகர்' என்பது ஊரையும் குறிப்பதால் 'நகர்வு வேகம்' என்பதே மயக்கமற்றது.

அளக்கும் முறை எளிது. போடப்பட்ட தையலின் நீளத்தை, வில் எரிந்த நேரத்தால் வகுத்தால் நகர்வு வேகம் கிடைக்கும்.

நகர்வு வேகம் = தையலின் நீளம் ÷ வில் எரிந்த நேரம்

எடுத்துக்காட்டாக, 210 மி.மீ. நீளத் தையல் 84 வினாடியில் போடப்பட்டது எனக் கொள்வோம். 210 ÷ 84 = 2.5. ஆகவே வேகம் வினாடிக்கு 2.5 மி.மீ.; நிமிடத்திற்கு 150 மி.மீ.

இவ்வெளிய கணக்கில் மூன்று இடங்களில் பிழை நேரலாம். முதலாவது, நேரத்தை எண்ணுவதில். ராடு மாற்றுதல், கசடு தட்டுதல், முகக்கவசத்தைத் தூக்கிப் பார்த்தல் முதலியன வில் எரியாத நேரங்கள். அவற்றையும் சேர்த்து மேற்கண்ட தையலுக்கு 105 வினாடி எனக் கணக்கிட்டால் வேகம் வினாடிக்கு 2 மி.மீ. எனக் குறைந்து தோன்றும். அதனால் வெப்ப உள்ளீடு 25 விழுக்காடு மிகையாக வரும்.

இரண்டாவது, அலகில். மின்திறன் ஒரு வினாடிக்கு இத்தனை ஜூல் என்னும் அளவாகும். வேகத்தை நிமிடக் கணக்கில் எழுதுவோர் 60ஆல் பெருக்க மறந்தால் விடை அறுபதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும்.

மூன்றாவது, 'வேகம்' என்ற சொல்லைப் புரிந்துகொள்வதில். பற்றவைப்பவர் ராடைப் பக்கவாட்டில் அசைத்து அசைத்து அகலத் தையல் போடும்போது அவர் கை விரைந்து இயங்கும். பார்ப்பவருக்கு வேலை வேகமாக நடப்பதாகத் தோன்றும். ஆனால் வில் முன்னோக்கி நகர்வது மெதுவாகவே. கணக்கிற்குரியது முன்னோக்கிய நகர்வு மட்டுமே. 'கை வேகம்' வேறு, 'நகர்வு வேகம்' வேறு என்னும் பாகுபாட்டைப் பயிற்சி நூல்கள் வெளிப்படையாகக் கூறுதல் நலம்.

வெப்ப உள்ளீட்டைக் கணக்கிடுதல்

மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் பெருக்கினால் மின்வில்லின் திறன் கிடைக்கும். அத்திறனை நகர்வு வேகத்தால் வகுத்தால் ஒரு மில்லிமீட்டர் தையலுக்குச் செலவான ஆற்றல் கிடைக்கும். வேகம் நிமிடத்திற்கு மில்லிமீட்டரில் இருப்பின் வாய்பாடு பின்வருமாறு அமையும்.

வில் ஆற்றல் = (மின்னழுத்தம் × மின்னோட்டம் × 60) ÷ (நகர்வு வேகம் × 1000)

விடை ஒரு மில்லிமீட்டருக்குக் கிலோஜூல். மேற்கண்ட தையல் 24 வோல்ட், 120 ஆம்பியரில் போடப்பட்டதாயின், திறன் 24 × 120 = 2880 வாட். 2880 × 60 ÷ (150 × 1000) = 1.152. ஆகவே ஒரு மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 1.15 கிலோஜூல். மின்னழுத்தத்தை வில் எரியும்போதே அளக்க வேண்டும். எந்திரத்தின் மீது எழுதியுள்ள திறந்தசுற்று மின்னழுத்தம் இதனினும் பன்மடங்கு மிகுதியாதலின் அதைக் கணக்கில் சேர்த்தல் கூடாது.

வில்லில் பிறந்த ஆற்றல் முழுவதும் உலோகத்தினுள் செல்வதில்லை; ஒரு பகுதி ஒளியாகவும் காற்றில் கலக்கும் வெப்பமாகவும் சிதறும். இவ்விழப்பைக் கணக்கில் கொள்வதில் உலக நெறிமுறைகள் வேறுபடுகின்றன. இ.என். 1011 என்னும் ஐரோப்பிய நெறிமுறை ஒவ்வொரு முறைக்கும் ஒரு வெப்பத்திறன் காரணியைத் தருகிறது: பூச்சுள்ள ராடால் பற்றவைப்பதற்கு 0.8, டங்ஸ்டன் முனையுடைய டிக் முறைக்கு 0.6, பொடியின் கீழ் வில் எரியும் முறைக்கு 1.0. அமெரிக்க எந்திரப் பொறியாளர் கழகத்தின் கலன் நெறிமுறையின் ஒன்பதாம் பகுதி இக்காரணியைச் சேர்ப்பதில்லை. ஆதலின் அதே தையல் அமெரிக்க முறையில் 1.15 என்றும் ஐரோப்பிய முறையில் 1.152 × 0.8 = 0.92 என்றும் பதிவாகும்.

இரண்டும் சரியே, இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தலே தவறு. காரணி சேராத அளவை 'வில் ஆற்றல்' என்றும், காரணி சேர்ந்ததை 'வெப்ப உள்ளீடு' என்றும் தமிழில் பிரித்து வழங்கினால் இக்குழப்பம் நீங்கும். மின்னோட்டத்தைத் துடிப்புகளாக மாற்றித்தரும் புதிய எந்திரங்களுக்கு மேற்கண்ட சராசரிப் பெருக்கல் பொருந்துவதில்லை. அங்கே ஒவ்வொரு கணத்தின் திறனையும் எந்திரமே கூட்டித் தரும் ஆற்றலைத் தையலின் நீளத்தால் வகுக்க வேண்டும்.

மிகினும் குறையினும்

இவ்வளவு கணக்கு எதற்கு என்னும் வினாவுக்கு உலோகத்தின் இயல்பே விடை. எஃகு 800 பாகையிலிருந்து 500 பாகை செல்சியசுக்குக் குளிர எடுத்துக்கொள்ளும் நேரம், வெப்பம் தாக்கிய பகுதியின் உள்ளமைப்பைப் பெரிதும் தீர்மானிக்கிறது. வெப்ப உள்ளீடு மிகின் குளிர்ச்சி தாமதமாகும், மணிகள் பருத்து, அடிதாங்கும் திறன் குறையும், தகடு கோணும். வெப்ப உள்ளீடு குறையின் குளிர்ச்சி விரைவாகும். தடித்த தகட்டிலும் கரிமம் மிகுந்த எஃகிலும் அப்பகுதி கடினப்பட்டு, ஹைட்ரஜனால் விரிசல் காணும். விளிம்பு உருகாமல் தையல் மேலாக ஒட்டி நிற்பதும் உண்டு.

லாரியின் அடிச்சட்டம் உயர்வலு எஃகால் ஆவது. மிகை வெப்பம் பட்ட இடத்தில் அதன் வலு தளரும். சட்டத்தின் மேல், கீழ் விளிம்புகளில் பற்றவைத்தலை வண்டி உற்பத்தியாளரின் உடற்கட்டு வழிகாட்டிகள் பொதுவாக விலக்குவது இதனாலேயே.

துருவேறா எஃகில் இடர் வேறுவகையானது. அது சாதாரண எஃகைக் காட்டிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே வெப்பத்தைக் கடத்தும். ஒன்றரை மடங்கு விரியும். செலுத்திய வெப்பம் பரவாமல் இணைப்பிலேயே தங்குவதால் தகடு எளிதில் நெளியும். 450 முதல் 850 பாகை வரையிலான வெப்பநிலையில் நெடுநேரம் நின்றால் குரோமியம் கரிமத்தோடு சேர்ந்து பிரிந்து, துருவேறாத் தன்மையே அவ்விடத்தில் குன்றும். நெடுநாள் கழித்துத் தையலின் ஓரத்தில் தோன்றும் அரிப்புக்குத் தையலிட்ட நாளின் மெதுவான நகர்வு காரணமாக இருக்கலாம்.

'சூட்டைக் குறை' என்னும் அறிவுரை

தகடு கோணுவதைக் கண்ட மூத்தவர் பயில்பவரிடம் 'சூட்டைக் குறை' என்று சொன்னால், பயில்பவர் செய்வது எந்திரத்தின் திருகைத் திருப்பி ஆம்பியரைக் குறைப்பதே. சூடு என்பதை மின்னோட்டம் என்றே அவர் பொருள்கொள்கிறார். இதன் விளைவைக் கணக்கால் காணலாம்.

முதல் நிலையில் 120 ஆம்பியர், 24 வோல்ட். ஒரு ராடு 84 வினாடியில் எரிந்து 210 மி.மீ. தையலைத் தந்தது. ராடு ஒன்றுக்குச் செலவான ஆற்றல் 2880 × 84 = 2,41,920 ஜூல். இப்போது மின்னோட்டம் 100 ஆம்பியராகவும் மின்னழுத்தம் 23 வோல்ட்டாகவும் குறைகின்றன. திறன் 2300 வாட். ராடு எரியும் விரைவு ஏறத்தாழ மின்னோட்டத்திற்கு நேர்விகிதத்தில் அமைவதால், அதே ராடு எரிய இப்போது ஏறத்தாழ 101 வினாடி ஆகும். செலவாகும் ஆற்றல் 2300 × 101 = 2,32,300 ஜூல். பயில்பவர் தையலின் பருமனை மாற்றாமல் அதே 210 மி.மீ. நீளத்தைப் போட்டால் வில் ஆற்றல் 1.11 கிலோஜூல். ஆம்பியரை ஆறில் ஒரு பங்கு குறைத்தும் வில் ஆற்றல் நூற்றுக்கு நான்கே குறைந்துள்ளது.

குறைந்த மின்னோட்டத்தில் உருகுகுட்டை சிறுத்து, உலோகம் தயங்கி ஓடும். அதனால் கை தானாகவே மெதுவாகும். ஒரு ராடு 185 மி.மீ. மட்டுமே வந்தால் 2,32,300 ÷ 185 = 1,256; அதாவது 1.26 கிலோஜூல். ஆம்பியர் குறைந்தது, வெப்ப உள்ளீடு கூடிற்று, விளிம்பில் ஊடுருவலும் குறைந்தது. அறிவுரை நாடிய பயனுக்கு நேர்மாறான பயன் விளைந்தது.

தேவைப்பட்ட செயல் நகர்வு வேகத்தைக் கூட்டுதல் ஆகும். பக்கவாட்டு அசைவைக் குறைத்து நேர்த்தையலாகப் போடுதல், தையலை விட்டுவிட்டுப் பிரித்துப் போடுதல், ஒரு தையல் ஆறியபின் அடுத்ததைத் தொடங்குதல் ஆகியனவும் பயன் தரும். இவற்றுள் முதலிரண்டு வழிகள் வெப்ப உள்ளீட்டையும் இணைப்பில் அது சேரும் இடத்தையும் பற்றியவை. இறுதி வழி வேலைத்துண்டின் வெப்பநிலையைப் பற்றியது. 'சூடு' என்னும் ஒரே சொல் இவ்வேறுபாடுகளை மறைத்துவிடுகிறது.

ராடின் நீளக் கணக்கு

மேற்கண்ட கணக்கிலிருந்து மற்றோர் உண்மையும் புலப்படுகிறது. ஒரே வகை, ஒரே பருமன் கொண்ட ராடு எந்த ஆம்பியரில் எரிந்தாலும் அதற்குச் செலவாகும் மொத்த ஆற்றல் பெரிதும் மாறுவதில்லை. எடுத்துக்காட்டில் அது ஏறத்தாழ 242, 232 கிலோஜூல் என நெருங்கியே நிற்கிறது. எனவே ஒரு ராடால் எவ்வளவு நீளத் தையல் கிடைத்தது என்பதே வெப்ப உள்ளீட்டைக் காட்டிவிடும். நீளம் கூடினால் உள்ளீடு குறைவு. நீளம் குறைந்தால் உள்ளீடு மிகுதி.

ராடின் செலவைக் கணக்கிடுவதற்காகப் பட்டறைகளில் 'ஒரு ராடு எவ்வளவு தூரம் வரும்' என்று பேசுவது இயல்பு. செலவுக் கணக்காக வழங்கும் இத்தொடர் உண்மையில் ஓர் அறிவியல் அளவு. முற்கூறிய அமெரிக்க நெறிமுறையும், வெப்ப உள்ளீட்டைக் கட்டுப்படுத்த மின்னளவுக் கணக்குக்கு மாற்றாக, ராடின் ஓரலகு நீளத்திற்குக் கிடைக்கும் தையலின் நீளத்தை அளத்தலை ஏற்கிறது. 350 மி.மீ. ராடில் 50 மி.மீ. துண்டு எஞ்சினால் எரிந்தது 300 மி.மீ.; அதற்கு 210 மி.மீ. தையல் கிடைத்தால் விகிதம் 0.7. தையல் 150 மி.மீ. ஆயின் விகிதம் 0.5, வெப்ப உள்ளீடு 1.4 மடங்கு. இதற்கு மின்னளவி வேண்டா; கடிகாரமும் வேண்டா; அளவுநாடா ஒன்றே போதும். இவ்விகிதத்தை 'ராடு–தையல் விகிதம்' என வழங்கலாம். ராடின் வகையோ பருமனோ மாறினால் விகிதத்தைப் புதிதாக நிறுவ வேண்டும் என்பதே இதன் வரம்பு.

ஈழத்தமிழ் வழக்கோடு ஒப்பீடு

தமிழில் எழுதப்படும் தொழில்நுட்ப விளக்கம் தமிழ்நாட்டு எல்லைக்குள் நின்றுவிடுவதில்லை. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் திசை கருதாத விரைவை 'வேகம்' என்றும் திசையோடு கூடியதைத் 'திசைவேகம்' என்றும் வழங்குகின்றன. இலங்கைப் பாடநூல்களில் முன்னது 'கதி', பின்னதே 'வேகம்'. தமிழ்நாட்டில் 'ஆற்றல்', 'திறன்' எனப்படுவன இலங்கையில் முறையே 'சக்தி', 'வலு' எனப்படுகின்றன.

ஆகவே 'வில்லின் திறனை நகர்வு வேகத்தால் வகுக்க ஆற்றல் கிடைக்கும்' என்னும் தொடரை யாழ்ப்பாணத்துத் தொழிற்கல்வி மாணவர் 'வில்லின் வலுவை நகர்வுக் கதியால் வகுக்கச் சக்தி கிடைக்கும்' என்றே புரிந்துகொள்ள வேண்டியுள்ளது. இருவழக்கும் தத்தம் மரபில் வலுவுடையன. ஒன்றை மற்றொன்றால் மாற்றுதல் இயலாது. ஆனால் ஒவ்வொரு கலைச்சொல்லையும் அதன் அலகோடு சேர்த்துத் தந்தால் மயக்கம் நீங்கும். நிமிடத்திற்கு மில்லிமீட்டர், வாட், ஒரு மில்லிமீட்டருக்குக் கிலோஜூல் ஆகிய அலகுகள் இருநாட்டிலும் ஒன்றே.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

1. பற்றாசு முறையில் துண்டுகள் உருகுவதில்லை. பற்றவைப்பில் அவை உருகுகின்றன. ஆதலின் உட்செலுத்தும் வெப்பத்தின் அளவு பற்றவைப்பில் இன்றியமையாததாகிறது.

2. 'சூடு' என்னும் பட்டறைச்சொல் மின்னோட்டம், வெப்பநிலை, வெப்ப உள்ளீடு ஆகிய மூன்றையும் சுட்டுகிறது. அறிவுரை கூறும் இடத்தில் இம்மூன்றையும் பிரித்துச் சொல்லுதல் வேண்டும்.

3. நகர்வு வேகம் என்பது வில் எரிந்த நேரத்தில் முன்னோக்கிச் சென்ற நீளத்தின் அளவு; கை அசையும் விரைவு அன்று.

4. வெப்பத்திறன் காரணி சேராததை 'வில் ஆற்றல்' என்றும் சேர்ந்ததை 'வெப்ப உள்ளீடு' என்றும் வழங்குதல் தகும்.

5. ஆம்பியரைக் குறைப்பதனால் மட்டும் வெப்ப உள்ளீடு குறைந்துவிடாது. நகர்வும் தளர்ந்தால் அது கூடவும் செய்யும்.

6. 'ஒரு ராடுக்கு இவ்வளவு நீளம்' என்னும் பட்டறைக் கணக்கு, அனைத்துலக நெறிமுறை ஏற்கும் அளவோடு ஒத்தது.

கலைச்சொல்லாக்கம் என்பது பிறமொழிச் சொல்லுக்கு நிகர்ச்சொல் காண்பதோடு முடிவதன்று. பட்டறையில் ஏற்கெனவே வழங்கும் சொற்களுள் எது அளவாக நிற்கத்தக்கது, எது மயக்கம் தருவது எனத் தெரிந்து வகைப்படுத்துதலும் அதன் கடமையே. 'சூட்டைக் குறை' என்பதற்கு மாறாக 'ராடை இன்னும் இரண்டு அங்குலம் நீட்டிப் போடு' என்று சொல்லும் மூத்தவர், பயில்பவருக்கு அளக்கத்தக்க ஒரு குறியைத் தருகிறார். தொழிற்பயிற்சிப் பாடநூல்கள் வாய்பாட்டை முதலில் கூறிப் பின் செயலை விளக்கும் முறையை மாற்றி, ராடின் நீளத்திலிருந்து தொடங்கி வாய்பாட்டுக்குச் செல்லுமாயின், எழுத்தறிவும் தொழிலறிவும் ஒரே மொழியில் ஒன்றிணையும்.